மாதேஸ்வரி ரிஜெக்ட் போட்ட ஏழு டாக்டர்கள்

பிற்பகல் இரண்டு இருபதுக்குச் செய்தி வந்தது. முதல் ஷிப்ட் விட்டு, கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளிக்குள் திரும்பிக்கொண்டிருந்தன. ஹாரன் சத்தத்துக்காக ஜன்னலைச் சாத்திவிட்டு போனைக் காதில் வைத்தேன். "அம்மா போயிட்டாங்க, அக்கா," என்றாள் மாதேஸ்வரி அக்காவின் மகள் சுவேதா. மூன்று நாளைக்கு முன்பு சமையல் செய்துகொண்டிருந்தபோது மாதேஸ்வரி அக்கா கீழே விழுந்தார். மூளைக்குள் ரத்தக் கசிவு. பெங்களூரில் சேர்த்தார்கள். கண் திறக்கவே இல்லை. வயது ஐம்பத்தொன்று.

அடக்கத்தன்று வந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் என்னிடம் கேட்டார்: "இறந்தவங்க டாக்டருங்களா?" வாசலில் பதினாறு டாக்டர்கள் நின்றிருந்தார்கள். அவர் கேட்டதில் தப்பில்லை. "இல்லைங்க, டாக்டருங்களுக்குப் பரீட்சை வெச்சவங்க," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனார். சுருக்கிச் சொன்னால் நம்பும்படி இருக்காது. அதனால் விரித்தே எழுதுகிறேன்.

மாதேஸ்வரி பிறந்தது சாமல்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். எட்டாவது வரை படிப்பு. கல்யாணமாகி மூக்கண்டப்பள்ளிக்கு வந்தார். கணவர் ஆஞ்சப்பன் ஒரு பட்டறைக் கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டினார். இரண்டாயிரமாவது வருஷம், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, மாதேஸ்வரி மின்சார ஸ்விட்ச் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். பத்தொன்பது வருஷம் அங்கே ஒரே வேலை, இன்ஸ்பெக்ஷன். பெல்ட்டில் ஸ்விட்ச் வரும். எடுக்க வேண்டும், திருப்பிப் பார்க்க வேண்டும், அமுக்க வேண்டும், சத்தம் கேட்க வேண்டும். சரியென்றால் வலது பக்கம். இல்லையென்றால் இடது பக்கத்துச் சிவப்புத் தொட்டி. ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து அறுநூறு.

அந்த லைனில் ஒரு வழக்கம் இருந்தது. மேஜைக்கு மேலே ஒரு சிவப்புப் பொத்தான் தொங்கும். ஒரே தப்பு திரும்பத் திரும்ப வந்தால் இன்ஸ்பெக்ஷனில் உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் அதை அமுக்கலாம். லைன் நின்றுவிடும். நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், சூப்பர்வைசர் ஓடி வருவார். அமுக்கியவர் அந்தப் பீஸை எல்லார் கண் முன்னாலும் மாட்டி, ஓட்டி, எங்கே தவறுகிறது என்று காட்ட வேண்டும். காட்டிவிட்டால் சரி. காட்ட முடியாவிட்டால் நின்ற நேரத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் பொத்தான் தொங்கினாலும் பெரும்பாலானவர்கள் தொட மாட்டார்கள்.

மாதேஸ்வரி பத்தொன்பது வருஷத்தில் பதினொரு முறை அமுக்கினார். "ஒம்போது சரி, ரெண்டு தப்பு," என்பார். அந்த இரண்டு தப்பின் தேதியும் அவருக்கு ஞாபகம் இருந்தது.

இரண்டாயிரத்துப் பதிமூன்றில் ஆஞ்சப்பனுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. வேறெங்கோ போய்ப் பார்த்து, காலையில் சாப்பாட்டுக்கு முன் ஒன்று என்று மாத்திரை வாங்கி வந்தார். அந்த வாரம் அவருக்கு மூன்றாவது ஷிப்ட், ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை. வீட்டுக்கு வந்தார், காலைதானே என்று மாத்திரையைப் போட்டார், சாப்பிடாமல் படுத்துவிட்டார். மாதேஸ்வரிக்கு முதல் ஷிப்ட். இரண்டரை மணிக்கு அவர் வீட்டுக்கு வந்தபோது பாய் முழுக்க வியர்வை. கூப்பிட்டால் பதில் இல்லை. பக்கத்துத் தெரு கிளினிக்கிலிருந்து டாக்டர் பூபதி வண்டியில் வந்து இறங்கினார். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். முப்பத்தொன்று; எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து, வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை அவ்வளவு இறக்கிவிட்டது. கை நரம்பில் குளுக்கோஸை ஏற்றினார். கால் மணி நேரத்தில் ஆஞ்சப்பன் கண்ணைத் திறந்து, "பஸ் போயிடுச்சா?" என்று கேட்டார்.

உயிர் தப்பியது. ஆனால் வலது கை பழைய வேகத்துக்குத் திரும்பவில்லை. பிரஸ் மெஷினில் அப்படிப்பட்ட கையை வைக்கக் கூடாது. செக்யூரிட்டி வேலைக்கு மாறினார். அந்த வீட்டில் டாக்டர் பூபதியின் பெயரைச் சொன்னால் ஆஞ்சப்பன் இன்றைக்கும் எழுந்து நிற்பார்.

ஒரு நாள் கம்பெனி அந்த ஸ்விட்ச் லைனையே வேறு மாநிலத்துக்கு மாற்றியது. மாதேஸ்வரி வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான் நான் அவரைப் பார்த்தேன்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்ப டாக்டர்கள் சிலர் சேர்ந்து ஒரு மன்றம் தொடங்கியிருந்தார்கள். எம்.பி.பி.எஸ். முடித்து கிளினிக்குக்கு போர்டு மாட்டிய நாளோடு ஒரு டாக்டருக்குப் பரீட்சை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு முப்பது வருஷம் அவர் எப்படி வைத்தியம் பார்க்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. அதை நாமே பார்ப்போம் என்பது மன்றத்தின் எண்ணம். எழுத்துத் தேர்வு ஒன்று. கிளினிக்கில் எழுதும் மருந்துச் சீட்டுகளைப் பரிசோதிப்பது ஒன்று. மூன்றாவது, நோயாளியாக வேஷம் போட்ட ஒருவரைப் பத்து நிமிஷம் பார்ப்பது. தேறியவர்களின் பெயர்ப் பட்டியலைச் சுற்றுவட்டாரக் கம்பெனிகளுக்குக் கொடுப்போம். தொழிலாளி முதலில் யாரிடம் போகலாம் என்று அவர்கள் சொல்வதற்கு அதுதான் ஆதாரம். மன்றத்தின் ஒருங்கிணைப்பாளராக எனக்கு வேலை. தேர்வுக் குழுத் தலைவர், ஓய்வுபெற்ற பேராசிரியர் டாக்டர் மைக்கேல்ராஜ்.

நோயாளி வேஷத்துக்கு ஆள் தேவை என்று கிளினிக்குகளில் ஒரு தாள் ஒட்டினேன். கூத்து ஆடுகிறவர்கள் வந்தார்கள், குறும்படத்தில் நடித்தவர்கள் வந்தார்கள். வயிற்றுவலி என்று சொல்லச் சொன்னால் ஒருவர் தரையில் உருண்டார். எழுப்புவதற்கு நாங்கள் இரண்டு பேர் தேவைப்பட்டோம். கடைசியாக ஒரு கட்டைப்பையோடு மாதேஸ்வரி வந்து நின்றார்.

"நடிப்பீங்களா அக்கா?" என்றேன்.

"எனக்கு நடிக்கெல்லாம் வராது. சொல்லச் சொன்னத சொல்லுவேன். சொல்லாதீங்கன்னா உசுரு போனாலும் சொல்ல மாட்டேன்."

எங்களுக்கு வேண்டியது அதுதான். இந்த வேலையின் சூட்சுமமே டாக்டர் கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்பது. தானாக வாயைத் திறந்தால் பரீட்சை கெட்டுவிடும்.

முதல் தேர்வுக்கு அவருக்குக் கொடுத்த வேஷம் இது: வயது நாற்பத்தெட்டு. சர்க்கரைக்கு ஒரு வருஷமாக மாத்திரை. கொஞ்ச நாளாக வியர்த்துக் கொட்டுகிறது, தலை சுற்றுகிறது. இது தானாகச் சொல்ல வேண்டியது. கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியது: கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங், கான்ட்ராக்ட் வேலை, இப்போது மூன்றாவது ஷிப்ட். மதிப்பெண் தாளில் இருபது கேள்விகள். வணக்கம் சொன்னாரா, பழைய ரிப்போர்ட் பார்த்தாரா, பிரஷர் பார்த்தாரா, மாதவிடாய் பற்றிக் கேட்டாரா என்று வரிசை. பதினாறாவது: என்ன வேலை, எந்த நேரம் என்று கேட்டாரா. அதற்கு ஒரு மார்க்.

பயிற்சியின்போதே மாதேஸ்வரி அந்த வரியில் விரலை வைத்தார். "இதுக்கு ஒரு மார்க்கா சார்?"

"எல்லாத்துக்கும் ஒண்ணுதாம்மா," என்றார் டாக்டர் மைக்கேல்ராஜ்.

"வணக்கத்துக்கும் ஒண்ணு, இதுக்கும் ஒண்ணா?"

"மரியாதையும் முக்கியந்தானம்மா." அவர் அடுத்த தாளுக்குப் போய்விட்டார்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓசூரில் ஒரு கல்லூரிக் கட்டடத்தில் நடந்தது. பன்னிரண்டு டாக்டர்கள். மாதேஸ்வரி பச்சைச் சேலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூலையில் ஒரு தேர்வாளர், அவருக்குப் பின்னால் நேரம் பார்க்க நான். பட்டியலில் நான்காவது பெயராக டாக்டர் பூபதி இருந்ததை அன்று காலையில்தான் மாதேஸ்வரி பார்த்தார். தண்ணீர் கொஞ்சம் குடித்தார்.

டாக்டர் பூபதிக்கு அறுபத்திரண்டு வயது. உள்ளே வந்ததும் அடையாளம் கண்டு சிரித்தார். உடனே தேர்வு என்று ஞாபகம் வந்து முகத்தை மாற்றிக்கொண்டார். அழகாகப் பேசினார். நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார், பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்தார். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டபோது தேர்வாளர் அட்டையைக் காட்டினார். மூன்று மாதச் சராசரி கூடத்தான் இருந்தது. "வியர்க்கறது, தலை சுத்தறது இந்த வயசுல வரதுதாம்மா, பயப்படாத. மாதவிடாய் நிக்கற நேரம் நெருங்குது. சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கு," என்று மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். வாசல் வரை போய்த் திரும்பி, "உப்பு கொறச்சுக்கோ," என்றார். தேர்வாளர் போட்டது பதினெட்டு மார்க்.

தாளின் அடியில் நோயாளிக்கென்று ஒரு கட்டம் இருந்தது. 'இந்த டாக்டரிடம் திரும்பப் போவீர்களா?' வெளிநாட்டுத் தாள்களில் இருக்கிறது என்று நாங்களும் அச்சடித்திருந்தோம். அதைக் கூட்டலில் சேர்ப்பதாக யாரும் நினைக்கவில்லை. மாதேஸ்வரி அந்தக் கட்டத்தில் 'ரிஜெக்ட்' என்று எழுதினார். பேனாவை மூடிவிட்டு அடுத்த டாக்டருக்காகச் சேலையைச் சரிசெய்துகொண்டார்.

பன்னிரண்டில் ஐந்து பேர்தான் வேலையைப் பற்றிக் கேட்டார்கள். முதலில் கேட்டவர் டாக்டர் லிபியா. கிளினிக் போட்டு இரண்டே வருஷம். எழுத்துத் தேர்வில் கடைசி மார்க். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அக்கா, கண்ணெல்லாம் இப்படி இருக்கு. கடைசியா எப்பத் தூங்குனீங்க?" என்றுதான் ஆரம்பித்தார். பகலில்தான் தூங்குவேன் என்றார் மாதேஸ்வரி. அங்கிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மாத்திரையைக் கூட்டவில்லை, எப்போது சாப்பிடுகிறாரோ அப்போது போடும்படி மாற்றினார், வியர்க்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அந்தத் தாளில் 'ஓகே' இருந்தது.

நான்கு மணிக்குக் குழு கூடியது. ஐந்து மணிக்கு முடிவு சொல்வதாக ஏற்பாடு. டாக்டர்கள் வராந்தாவில் டீயும் பப்ஸுமாக நின்றிருந்தார்கள். தாள்களைப் புரட்டிய டாக்டர் மைக்கேல்ராஜ் ஒரு இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, ஏழு பேருக்கு ரிஜெக்ட் போட்டிருக்கீங்க?"

"ஆமாங்க சார்."

"இவங்க எல்லாரும் பதினாறுக்கு மேல வாங்கியிருக்காங்க. பன்னெண்டு வாங்கினாலே பாஸ்."

"லைன்ல பத்தொம்போது ஸ்க்ரூ டைட்டா இருந்து ஒண்ணு லூசா இருந்தா, பத்தொம்போது மார்க் போட்டு லாரியில ஏத்த மாட்டோம் சார்."

ஒரு தேர்வாளர் சிரித்துவிட்டார். டாக்டர் மைக்கேல்ராஜ் சிரிக்கவில்லை. "இந்தக் கட்டம் உங்க மனசுக்கு என்ன தோணுதுன்னு கேக்கறதுக்காக. கணக்குல வராது. கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க."

எங்கள் விதிப்படி நோயாளி வேஷம் போட்டவரின் கையெழுத்து இல்லாமல் எந்தத் தாளும் செல்லாது. அந்த விதியை எழுதியவர் டாக்டர் மைக்கேல்ராஜேதான். மாதேஸ்வரி ஏழு தாள்களைத் தனியாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"போட மாட்டேன் சார்."

நான் அவர் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னேன்: "அக்கா, அதுல பூபதி சார் தாளும் இருக்கு. உங்க வீட்டுக்காரரக் காப்பாத்துனவரு."

"தெரியும் வினோதா. அன்னைக்கு அவரு வரலன்னா நான் இந்நேரம் தாலியில்லாம உக்காந்திருப்பேன். ஆனா இன்னைக்கு அவரு எழுதின சீட்ட எடுத்துட்டுப் போறவளுக்கு அவரு பக்கத்துத் தெருவுல இருக்க மாட்டாரே."

சத்தம் வெளியே போயிருக்க வேண்டும். கதவைத் திறந்து டாக்டர் ஸ்டெபின் எட்டிப் பார்த்தார். பட்டியலில் ஏழாவது பெயர், மடியில் இருந்த ஏழு தாள்களில் அவருடையதும் ஒன்று. "ஸ்விட்ச் கம்பெனியில செக்கிங் பாத்தவங்க எங்கள ஃபெயில் பண்றாங்களாமே? என்ன சார் இது, நாங்க என்ன பல்பா?"

"ஸ்விட்சு சார்," என்றார் மாதேஸ்வரி. "அது சத்தம் போட்டாத்தான் ஓகே. நீங்க நல்லாவே போடறீங்க."

வராந்தாவில் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். ஸ்டெபினுக்கு முகம் சிவந்துவிட்டது. டாக்டர் மைக்கேல்ராஜ் மேஜையைத் தட்டினார். "மாதேஸ்வரி அம்மா, விதி விதிதான். ஒரு மார்க் கேள்விக்காக முப்பது வருஷ அனுபவம் இருக்கறவர நான் எப்படி நிறுத்த முடியும்? என்ன காரணம் காட்டுவேன்?"

"அத நான் காட்டறேன் சார்." மாதேஸ்வரி எழுந்தார். "எங்க லைன்ல நிறுத்தினவங்க எல்லார் முன்னாடியும் பீஸ ஓட்டிக் காட்டணும். ஏழு பேரையும் உள்ள கூப்புடுங்க. அவங்கவங்க எழுதின சீட்ட அவங்களே படிக்கட்டும். அந்தச் சீட்டு சொல்றபடி நான் ஒரு நாள் பூரா நடக்கறேன். நான் காட்டறது தப்புன்னா ஏழுலயும் கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடறேன். இனிமே இந்தப் பக்கம் வரல."

டாக்டர் மைக்கேல்ராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு நாற்பது. கூப்பிடச் சொன்னார்.

முதலில் வந்தவர் டாக்டர் பூபதி. "என்ன மாதேஸ்வரி, என்னையே ஃபெயில் பண்ணிட்டியாமே? ஆஞ்சப்பனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா சோறு போட மாட்டாரு சார். நீங்க சீட்டப் படிங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "காலையில் ஒன்று. சாப்பாட்டுக்கு முன். ஒரு மில்லிகிராம் இருந்தத ரெண்டாக்கியிருக்கேன்."

"சரிங்க சார். காலையில ஆறு மணிக்கு ஷிப்ட் விடுது. ஆறே முக்காலுக்கு பஸ் எறக்கி விடுது. நீங்க சொன்ன மாதிரி காலையில மாத்திரையப் போடறேன்."

டாக்டர் பூபதி நிமிர்ந்தார். "ஷிப்டா? என்ன ஷிப்ட்?"

"மூணாவது ஷிப்ட் சார். ஹவுஸ்கீப்பிங்."

"சரி... போட்டுட்டு சாப்பிடுவல்ல?"

"யாரு சார் செஞ்சு வெச்சிருக்கா? பொண்ணுக்கு டப்பா கட்டி அனுப்பறேன். ஒரு டீ குடிக்கறேன். ஏழரைக்குப் படுக்கறேன்."

"எப்ப எந்திரிப்ப?"

"ரெண்டு மணிக்கு சார். எந்திரிச்சா."

எங்கள் இரண்டு பேரைத் தவிர அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் மருத்துவம் படித்தவர்கள். அந்தக் கடைசி வார்த்தைக்கு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. டாக்டர் பூபதி தன் சீட்டை இன்னொரு முறை படித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யூனிஃபார்ம்ல வந்திருந்தா நான் விட்டிருக்க மாட்டேன், சார்," என்று டாக்டர் மைக்கேல்ராஜிடம் சொன்னார். அவர் சொன்னது உண்மை. எங்கள் பக்கத்து டாக்டர்கள் வேலை என்னவென்று கேட்பதில்லை. சாம்பல் சட்டை என்றால் இந்தக் கம்பெனி, நீல மேல்கோட்டு என்றால் அந்தக் கம்பெனி, கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறத்தை வைத்து இந்த வாரம் எந்த ஷிப்ட் என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். பார்த்தாலே தெரிகிறதைக் கேட்பானேன் என்று கேட்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது.

"மூணாவது ஷிப்ட் ஆளுங்க தூங்கி எந்திரிச்சு சாயந்தரம் வருவாங்க சார்," என்றார் மாதேஸ்வரி. "சேலையிலதான் வருவாங்க. லுங்கியிலதான் வருவாங்க."

அடுத்தது டாக்டர் ஸ்டெபின். காலையில் பாதி, இரவில் பாதி என்று பிரித்து எழுதியிருந்தார். மாதேஸ்வரி இரவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி, பன்னிரண்டு மணிக்குத் தரை துடைக்கும் மெஷினைத் தள்ளிக்கொண்டு இருக்கும் இடம் வரை வந்தார். "சாப்பாடு எப்ப விடுவாங்க?" என்று ஸ்டெபின் கேட்டார். ஒன்றரைக்கு என்றார் மாதேஸ்வரி. ஸ்டெபின் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "போதும்," என்றார். மூன்றாமவர் படிக்க ஆரம்பித்து முதல் வரியிலேயே நிறுத்திவிட்டார். மீதி நான்கு பேர் படிக்கவில்லை.

டாக்டர் பூபதி எழுந்து வந்து கையை நீட்டினார். மாதேஸ்வரி தன் மடியிலிருந்த தாளைக் கொடுத்தார். 'ரிஜெக்ட்' என்று எழுதியிருந்த கட்டத்துக்குப் பக்கத்தில் டாக்டர் பூபதியே கையெழுத்துப் போட்டார். "இப்ப நீ போடு," என்றார். மாதேஸ்வரி போட்டார். அதன் பிறகு மற்ற ஆறு தாள்களுக்கும் அதே மாதிரி இரண்டு இரண்டு கையெழுத்துகள் விழுந்தன. ஸ்டெபினுடையது கொஞ்சம் கோணலாக விழுந்தது. ஆனால் விழுந்தது.

ஐந்தேகாலுக்கு டாக்டர் மைக்கேல்ராஜ் முடிவை அறிவித்தார். ஐந்து பேர் தேர்ச்சி. ஏழு பேருக்கு ஆறு வாரம் கழித்து மறுதேர்வு. பதினாறாவது கேள்வி இனிமேல் முதல் கேள்வி. அதைக் கேட்காதவர் மற்றதில் எத்தனை வாங்கினாலும் தேற மாட்டார். சொல்லி முடித்துவிட்டு, தாள்களை அடுக்கிக்கொண்டே, "முப்பத்தாறு வருஷம் பாடம் எடுத்தேன். இத எந்தக் கிளாஸ்லயும் நான் சொன்னதில்ல," என்று பொதுவாகச் சொன்னார். வராந்தாவில் முதலில் கைதட்டியது டாக்டர் லிபியா. கையில் பப்ஸ் இருந்ததால் சரியாகச் சத்தம் வரவில்லை. பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

அன்று மாதேஸ்வரியை வீட்டில் விட நானும் போனேன். நடந்ததைக் கேட்டு ஆஞ்சப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். "நம்ம டாக்டரையா? ஏன்டி, வேறொருத்தருமே கெடைக்கலயா ஒனக்கு? அடுத்த தடவ எனக்கு ஊசி போடும்போது அவரு அழுத்திக் குத்துவாரு."

"குத்தட்டும். நீங்க என்ன கொழந்தையா?"

சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனவர் கதவுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் அழுதார். எனக்குத் தெரியக்கூடாது என்று குழாயைத் திறந்து விட்டார். நான் டீயைக் குடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன்.

மறுதேர்வுக்கு வேறு நோய், வேறு வேஷம். அறைக்குள் வந்ததும் டாக்டர் பூபதி கேட்டது இதுதான்: "என்ன வேலை, எந்த ஷிப்ட், எப்பத் தூங்குன, எப்ப சாப்ட்ட, போற பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சுதா? எல்லாத்தையும் சொல்லிடு தாயே, எனக்கு அவசரமே இல்ல." வேஷத்தில் சிரிக்கக் கூடாது என்பதால் மாதேஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். ஏழு பேரும் தேறினார்கள்.

அந்த வருஷத்திலேயே டாக்டர் பூபதி தன் கிளினிக்கின் மருந்துச் சீட்டை மாற்றி அச்சடித்தார். காலை, மதியம், இரவு என்று இருந்த மூன்று கட்டங்களை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் எழுந்ததும், முதல் சாப்பாட்டோடு, படுக்கும் முன் என்று போட்டார். பார்த்துவிட்டு ஸ்டெபினும் மாற்றினார். இன்று மூக்கண்டப்பள்ளியில் எந்த மருந்துக்கடையில் நின்றாலும் அந்தச் சீட்டைப் பார்க்கலாம். கடைக்காரப் பெண்கள் கவரின் மேல் எழுதும்போதும், "எந்திரிச்சதும் இதுண்ணா," என்றுதான் சொல்கிறார்கள்.

மூன்று வருஷத்தில் மாதேஸ்வரி அறுபத்தொரு டாக்டர்களுக்கு எதிரே உட்கார்ந்தார். ஒரு முறை அவருக்கும் தவறியது. முகத்தைப் பார்த்துப் பேசவில்லை என்று ஒருவருக்கு ரிஜெக்ட் போட்டார். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை என்று பிறகு தெரிந்தது. அன்றே போன் செய்து மன்னிப்புக் கேட்டார், தாளைத் திருத்தினார். "தப்பு இப்ப மூணு," என்று என்னிடம் சொன்னார். அந்த டாக்டர் அடக்கத்துக்கு வந்திருந்தார். டாக்டர் பூபதி ஆஞ்சப்பனின் பக்கத்தில் தரையில் சாயந்தரம் வரை உட்கார்ந்திருந்தார். டாக்டர் லிபியா இப்போது தேர்வாளர். அடுத்த மாதத் தேர்வை நடத்தப்போவது அவர்தான். முதல் கேள்வி அப்படியேதான் இருக்கும்.

அந்தத் தேர்வுக்கு ஒரு புதிய வேஷம் வேண்டும் என்று கேட்டிருந்தோம். மாதேஸ்வரி தானே எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் தயாரிக்கும் இடத்தில் சீசன் வேலைக்கு வரும் ஒரு பெண், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். அதற்காக இரண்டு முறை பஸ் பிடித்துப் போய், வேலை விடும் நேரத்தில் கேட்டில் நின்று பெண்களிடம் விசாரித்திருக்கிறார். நேற்று சுவேதா அந்த நோட்டை என்னிடம் கொடுத்தாள். வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம், ஷிப்ட் தொடங்கும் நேரம், சாப்பாட்டு நேரம், எத்தனை மணி நேரம் நின்றுகொண்டே வேலை, வீட்டுக்குத் திரும்பும் நேரம் எல்லாம் எழுதியிருக்கிறார். டீ விடும் நேரம் என்ற இடத்தில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. பக்கத்தில் பென்சிலில், 'வியாழக்கிழமை போய்க் கேக்கணும்' என்று இருக்கிறது.